தரையை மூடுவதற்கு முன்

நலன்புரி நிலையத்திலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள். அல்லது பகலில் வந்து துப்புரவு செய்துவிட்டு இரவில் திரும்பிப் போய்க்கொண்டிருப்பீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மகாவலி கம்பளைக்குள்ளும் பேராதனைக்குள்ளும் வந்தது. கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் பல இடங்களில் மண் சரிந்தது. சேற்றை அள்ளி, சுவரைக் கழுவி, கட்டிலை வெயிலில் போட்ட பிறகு அடுத்ததாகக் கண்ணில் படுவது தரைதான். உடைந்த டைல்ஸ், ஊறி நாறும் கார்ப்பெட், செதிள் செதிளாகக் கிளம்பிய சீமெந்து. பெருநாளுக்கு முன்பாவது, சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பாவது அதை முடித்துவிட வேண்டும் என்று பல வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்த அவசரம் எங்களுக்கும் புரிகிறது. பிள்ளைகள் நடக்க நல்ல தரை வேண்டும், வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும். ஆனாலும் வெள்ளமோ மண்சரிவோ கண்ட வீட்டில் தரையை மூடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம். டைல்ஸோ கார்ப்பெட்டோ போட்டுவிட்டால், கீழே உள்ள கொங்கிரீட்டில் ஈரம் இருக்கிறதா, அதன் அடியில் மண் இருக்கிறதா, நிலம் நகர்கிறதா என்பது எதுவும் வெளியே தெரியாது. கிடைத்த உதவித்தொகையைத் தரையில் போட்டு, ஆறு மாதத்தில் அதே தரையை உடைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். அது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கங்கள்.

எதையும் உடைக்கும் முன் தரையையும் சுவரையும் படம் எடுத்து வையுங்கள். சேதத்தைப் பதிவு செய்ய கிராம உத்தியோகத்தர் இன்னும் வரவில்லை என்றால், அவர் வரும்வரை சேதம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். லயன் வீட்டில் இருப்பவர்கள் தரையைக் கொத்துவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி, முடிந்தால் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். கட்டடம் தோட்டத்துடையது என்ற பேச்சு பின்னால் வருவதை அது தடுக்கும்.

முதலில் விரிசலைப் பாருங்கள்

தரையில் விரிசல் இல்லாத பழைய வீடு கண்டியில் அரிது. எல்லா விரிசலும் ஆபத்தல்ல. சீமெந்து காயும்போது சுருங்கும். அப்போது சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் விழும். தலைமுடி அளவில், தரையின் மேற்பூச்சில் மட்டும் இருக்கும் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு வகை. அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே ஓட்டமாகப் போகும் விரிசல். ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும், கையால் தடவினால் படி போலத் தட்டுப்படும் விரிசல். தரையில் தொடங்கிச் சுவரில் ஏறும் விரிசல், அல்லது வாசல் கடந்து முற்றத்து மண்ணிலும் தொடரும் விரிசல். மலைச்சரிவில் உள்ள வீட்டில் இப்படி ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தால், சரிசெய்ய வேண்டியது தரை அல்ல. வீடு நிற்கும் நிலமே அசைந்திருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு பென்சில் போதும். விரிசலின் இரண்டு நுனிகளிலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். நடுவில் மூன்று இடத்தில் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விரிசலின் மேல் கையகலத்துக்கு மெல்லிய சீமெந்துப் பூச்சு ஒன்றை வைத்து விடலாம். நிலம் அசைந்தால் அந்தப் பூச்சு வெடிக்கும். வாரத்துக்கு ஒரு முறையும், பெரிய மழைக்கு அடுத்த நாளும் பாருங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தால், அல்லது பூச்சு வெடித்திருந்தால், தரை வேலையை அப்படியே நிறுத்துங்கள்.

கூடவே வீட்டைச் சுற்றியும் ஒரு முறை நடந்து பாருங்கள். முன்பு சரியாகச் சாத்திய கதவு இப்போது இறுகுகிறதா? மரங்களோ மின்கம்பமோ சாய்ந்திருக்கின்றனவா? பின்மேட்டில் புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, இருந்த ஊற்று திடீரென நின்றோ கலங்கியோ போயிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தின் ஊடாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். அந்த அறிக்கை வரும்வரை தரைக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

விரிசலைச் சீமெந்தால் அடைத்து அதன் மேல் டைல்ஸ் பதித்த வீடொன்றுக்குப் போயிருந்தோம். சில வாரங்களில் அதே கோடு டைல்ஸின் மேலும் வந்திருந்தது. டைல்ஸ் தரமில்லை என்று வீட்டுக்காரர் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருந்தார். உண்மையில் டைல்ஸில் குறை எதுவும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்ததை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் கிடைக்காததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். உங்களுக்கும் வேறு இடம் இல்லாதிருக்கலாம். அப்படியானாலும் விரிசலை மூடாமல் விட்டால், அடுத்த மழைக்கு எப்போது வெளியேற வேண்டும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே ஓர் அடையாளம் இருக்கும்.

தட்டிப் பாருங்கள்

வெள்ளம் கண்ட வீடுகளில் இன்னொரு மறைவான பிரச்சினை உண்டு. தண்ணீர் அத்திவாரத்தின் ஓரமாக நுழைந்து, தரைக்கு அடியில் நிரப்பியிருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கும். மேலே கொங்கிரீட் அப்படியே நிற்கும், கீழே வெற்றிடம். அலுமாரியை வைத்த பிறகோ, பத்துப் பேர் கூடும் நாளிலோ அது இறங்கும்.

சுத்தியலைத் திருப்பிப் பிடித்து மரக் கைப்பிடியால் ஓர் அடிக்கு ஓர் இடம் என்று தரை முழுதும் தட்டிக்கொண்டே போங்கள். இறுக்கமான தரை கணீரென்று ஒலிக்கும். பொள்ளலான இடம் பானையைத் தட்டுவது போல ஒலிக்கும். அந்த இடங்களைச் சோக்கட்டியால் வட்டமிடுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஓர் அங்குல மேற்பூச்சு மட்டும் கீழ்க் கொங்கிரீட்டிலிருந்து விட்டுப்போயிருந்தால், அந்தப் பூச்சை மட்டும் உளியால் எடுத்துப் புதிதாகப் போட்டால் போதும். மேற்பூச்சை எடுத்த பிறகும் ஒலி அப்படியே இருந்தால் வெற்றிடம் கீழே இருக்கிறது. அந்தப் பகுதிக் கொங்கிரீட்டை உடைத்து, மண் நிரப்பி, ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து நன்றாக இடித்து இறுக்கி, மறுபடி கொங்கிரீட் போட வேண்டும். வேறு வழியில்லை.

நிரப்புவதற்கு உடைந்த செங்கல், கருங்கல் சல்லி, கப்பி போன்றவை நல்லவை. வெள்ளம் கொண்டுவந்த சேறு கூடாது. காற்றில் உடைந்த அஸ்பெஸ்டோஸ் கூரைத் துண்டுகளையும் தயவுசெய்து தரைக்கு அடியில் போட வேண்டாம். "எங்கேயாவது போட வேண்டும்தானே" என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். அவற்றை நொறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு, பின்னொரு நாள் தரையை உடைக்கிறவருக்கும் அதே கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் எடுத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி ஒதுக்குப்புறமாக வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூராட்சி சபையில் கேளுங்கள்.

ஈரம்

அதிகம் பணம் வீணாவது இங்கேதான். கொங்கிரீட் பார்வைக்குக் காய்ந்திருக்கும், காலுக்கும் காய்ந்தது போலவே இருக்கும், உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும். நாள்கணக்கில் நீரில் கிடந்த நான்கு அங்குலக் கொங்கிரீட் முழுதாகக் காய மாதங்கள் ஆகும். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மழை முடிந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஓரளவு உலர்ந்த காலம். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். காய்வதற்குக் கிடைக்கும் அந்தச் சில மாதங்களைத் தரையைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கண்ணாடி போன்ற பொலித்தீன் துண்டை வெட்டி, தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம் விட வேண்டும். ஒரு நாள் முழுதும் விடுவது நல்லது. பிறகு எடுத்துப் பாருங்கள். பொலித்தீனின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலும், அந்த இடத்துச் சீமெந்து சுற்றியுள்ளதைவிடக் கறுத்திருந்தாலும் ஈரம் இன்னும் மேலே வருகிறது என்று அர்த்தம். ஒரு மூலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்சுவர் ஓரம், அறை நடு, குளியலறைப் பக்கம் என்று மூன்று இடத்திலாவது ஒட்டுங்கள். மழை நாளில் ஒரு தடவையும் செய்து பார்க்க வேண்டும். துளி இல்லை என்பது பெரும்பாலும் நல்ல செய்தி, ஆனால் முழு உத்தரவாதம் அல்ல. இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டு தடவையும் உலர்ந்திருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

மாதங்கள் போயும் துளி நிற்கவில்லையா? அப்படியானால் அது வெள்ளத்தின் மிச்சம் அல்ல, எங்கிருந்தோ தொடர்ந்து வரும் நீர். மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில், லயன்களில் மிக அதிகமாக, பின்பக்க மண்மேட்டிலிருந்து கசியும் தண்ணீர் சுவரடியால் நேராகத் தரைக்குக் கீழே போகிறது. அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை பின்கானைத் தோண்டித் துப்புரவாக்கி, தண்ணீர் வீட்டைச் சுற்றி வெளியே ஓடும்படி சாய்வு கொடுப்பது. கான், தரையின் மட்டத்தைவிடக் குறைந்தது அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். கூரைத் தண்ணீரும் சுவரடியில் விழாமல் பீலி வைத்து எடுத்துவிடுங்கள். ஆனால் மேடே சரியும் நிலையில் இருந்தால் அதன் அடியைத் தோண்ட வேண்டாம். பரிசோதனை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாழ்நிலத்தில் இருப்பவர்களின் கதை வேறு. கண்டி நகரில் மெத எல ஓரத்திலும் கம்பளைப் பக்கத்திலும் பழைய வயல்களை நிரப்பிக் கட்டிய வீடுகள் பல இருக்கின்றன. கண்டி வாவியே 1807 இல் கடைசி மன்னர் வயல்வெளியைத் தேக்கிக் கட்டியதுதான். இப்படிப்பட்ட நிலத்தில் நிலத்தடி நீர் எப்போதும் மேலேயே நிற்கும். பிங்கா ஓயா பெருகும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் பார்க்கும் அக்குறணைக் கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே தரையை மறுபடி போடுவதானால் கொங்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிப்பது கட்டாயம். ஹார்ட்வெயாரில் ஆயிரம் கேஜ் என்று கேளுங்கள், அது கால் மில்லிமீட்டர் தடிப்பு. கீழே மெல்லிய மணல் பரப்பி, கூரான கல் குத்தாமல் விரித்து, இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஓர் அடி ஒன்றின் மேல் ஒன்று வரும்படி விட்டு, ஓரங்களைச் சுவரோடு மேலே மடித்து விட வேண்டும்.

சீக்கிரம் காயட்டும் என்று மூடிய அறைக்குள் கரியோ விறகோ எரிக்காதீர்கள். அந்தப் புகையில் உயிர் போகும். கதவு யன்னலைத் திறந்து, மின்விசிறி ஒன்றைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வைப்பதே போதும். வயரிங் நனைந்திருந்தால் மின்சாரக்காரர் ஒருவர் பார்த்து முடிக்கும் வரை அதையும் போட வேண்டாம்.

மேற்பரப்பு

புதிதாக எதைப் பதித்தாலும் அது பிடிக்க வேண்டியது பழைய கொங்கிரீட்டின் மேற்பரப்பில். அங்கே சேறு, எண்ணெய், பொலிஷ், தூள் எதுவும் இருக்கக் கூடாது.

சேற்றை முதலில் மண்வெட்டியால் எடுத்து, பிறகு தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கடைசியாகவே கிருமிநாசினி. சேற்றோடு குளோரின் கரைசலைக் கலந்து ஊற்றுவதால் பலன் இல்லை. சீமெந்துக் கறையை எடுக்க அசிட் பாவிப்பவர்கள், அதைக் குளோரினோடு எந்தக் காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. உடனே நச்சு வாயு கிளம்பும். இந்த வேலை முழுவதிலும் பூட்ஸும் கையுறையும் அவசியம். எலிக்காய்ச்சல் வருவது இந்தச் சேற்றிலிருந்துதான். காலில் புண் இருந்தால் தொடங்கும் முன்பே உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள்.

கழுவிக் காய்ந்த பிறகு ஒரு கரண்டி தண்ணீரைத் தரையில் விடுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சினால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டு நின்றால் மேலே எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. நம் ஊர்ப் பழைய சிவப்புத் தரைகளில் இதுதான் நடக்கும். வாரந்தோறும் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்த தரைக்குள் எத்தனை வருட மெழுகு இறங்கியிருக்கும்! அதன் மேல் எந்தச் சீமெந்தும் எந்தப் பசையும் பிடிக்காது. கழுவுவதாலும் அது போகாது. உளியால் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து என்று தரை முழுவதும் கொத்தி, பளபளப்பை உடைத்து, தூளைக் கூட்டிக் கழுவ வேண்டும். மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்தில் ஒயில் ஊறியிருந்தால் அந்தப் பகுதியை ஆழமாகவே வெட்டி எடுங்கள்.

பிறகு ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் தரை பலமானது. ஆணி புதைந்து தூளாகக் கொட்டினால் அந்த அடுக்கு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் மேல் போடுவது அதோடு சேர்ந்தே கழன்று வரும்.

எந்தத் தரைக்கு என்ன தயாரிப்பு

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திரும்பி வந்த முதல் வருடத்தில், பெரும்பாலான வீடுகளுக்கு வெறும் சீமெந்துத் தரையே சிறந்தது. ஈரம் அதனூடாக வெளியே போகும். விரிசல் வந்தால் தெரியும். பிறகு வசதி வரும்போது அதன் மேலேயே டைல்ஸ் பதிக்கலாம், போட்ட காசு வீணாகாது. பதிக்கும் எண்ணம் இருந்தால் மேற்பரப்பைக் கண்ணாடி போல மெழுகாமல், மரப்பலகையால் தேய்த்த சொரசொரப்பில் விடச் சொல்லுங்கள். பொலிஷும் போட வேண்டாம்.

சீமெந்துப் பூச்சு ஒன்றுக்கு மூன்று, அதாவது ஒரு தாச்சி சீமெந்துக்கு மூன்று தாச்சி மணல். தடிப்பு ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு ஏறக்குறைய இரண்டரைப் பை சீமெந்து போகும். முதல் நாள் இரவே பழைய கொங்கிரீட்டை நனைத்து, காலையில் தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்து, சீமெந்தைக் கூழ் போலக் கரைத்துத் தும்புத்தடியால் தேய்த்து, அது காயும் முன்பே கலவையைப் போட வேண்டும். காய்ந்த கூழ் பூச்சைப் பிடிக்க விடாது. ஆகவே அறை முழுவதும் ஒரேயடியாகப் பூசாமல் கை எட்டும் தூரம் மட்டும் பூசிக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளம் உங்கள் முற்றத்தில் விட்டுப்போன மணல் இலவசம்தான், பார்க்கவும் ஆற்று மணல் போலவே இருக்கும். ஆனால் அதில் வண்டலும் அழுகிய இலையும் கலந்திருக்கும், அந்தக் கலவை சில மாதத்தில் தூளாகும். விலைக்கு வாங்கும் மணலுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். தெளிந்த போத்தலில் பாதிக்கு மணல், முக்கால் போத்தல் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணல் கீழே தங்கும், அதன் மேல் மெல்லிய வண்டல் அடுக்கு நிற்கும். மணல் 10 சென்டிமீட்டர் உயரமென்றால் வண்டல் 8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுவிப் பாவிக்க வேண்டும், அல்லது வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

பூச்சுப் போட்ட மறுநாளிலிருந்து ஏழு நாள் தரை காயவே கூடாது. ஈரச் சாக்கோ பொலித்தீனோ போட்டு வையுங்கள். சீமெந்து பலம் பெறுவது தண்ணீரால்தான். காய்வது அதற்குப் பிறகே தொடங்குகிறது, இந்த இரண்டையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஒன்றரை அங்குலப் பூச்சு நல்ல காற்றோட்டத்தில் காய நாற்பது நாளாவது எடுக்கும், மழைக்காலத்தில் அதன் இரண்டு மடங்கு.

டைல்ஸ் பதிப்பதானால் தரை சொரசொரப்பாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். ஆறரை அடி நீளமான நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் பல பக்கமும் வைத்துப் பாருங்கள். சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பசையால் ஒட்டுவது சரிவராது, முதலில் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பழைய முறையில் சீமெந்துக் கலவைப் படுக்கையின் மேல் பதித்தால் மேடு பள்ளத்தைக் கலவையே சரிக்கட்டிவிடும். ஆனால் கலவையை டைல்ஸின் நடுவில் ஒரு குவியலாக வைத்து அமர்த்த விடாதீர்கள். மூலைகளுக்குக் கீழே வெற்றிடம் நின்று, அலுமாரிக் கால் படும் இடத்தில் உடையும். சாதாரண செரமிக் டைல்ஸ் என்றால் கலவையில் பதிக்கும் முன் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பசையில் ஒட்டும்போது ஊறவைக்கக் கூடாது. சுவர் ஓரத்தில் ஒரு விரலில் பாதியளவு இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்கச் சொல்லுங்கள். சுவரோடு இறுக்கிப் பதித்த டைல்ஸ் வெப்பத்தில் விரிய இடமில்லாமல் நடு அறையில் கூடாரம் போலக் கிளம்பும். குளியலறைக்கும் விறாந்தைக்கும் மட்டம் வேண்டாம். வெளியே பார்த்து ஓரடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும், அதைக் கீழ்க் கொங்கிரீட்டிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

கடையில் சுருளிலிருந்து வெட்டித் தரும் பிளாஸ்டிக் கார்ப்பெட் மலிவு, ஒரே நாளில் வீட்டை மாற்றிவிடும். ஆனால் ஈரத்தைச் சிறிதும் தாங்காத விரிப்பு அதுதான். கீழிருந்து வரும் நீராவிக்குப் போக வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும், நாற்றம் வரும், சிறு பிள்ளைகளுக்கும் மூச்சு வருத்தக்காரருக்கும் அது கூடாது. பொலித்தீன் சோதனையில் தேறாத தரையில் இதைப் போடவே வேண்டாம். போடுவதானால் தரை வழவழப்பாக இருக்க வேண்டும், ஒரு மணல் பருக்கை கிடந்தாலும் ஒரு மாதத்தில் மேலே புடைத்துத் தெரியும். முழுவதும் பசை பூசி ஒட்டாமல் விரித்து மட்டும் விடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை சுருட்டி எடுத்துத் தரையைக் காயவிடலாம், மறுபடி வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டும் போகலாம். வெள்ளத்தில் ஊறிய பழையதைக் கழுவி மீண்டும் போடுவதில் பயனில்லை.

டைட்டானியம் தரை இப்போது எல்லோரும் கேட்கும் ஒன்று. மெல்லிய பூச்சு என்பதால் கீழே உள்ள ஒவ்வொரு விரிசலும் அப்படியே மேலே வரும், ஈரமிருந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஒரு மழைக்காலம் முழுதும் விரிசல் அசையாத தரைக்கே அது பொருந்தும். பலகைத் தரையும் லெமினேட்டும் வெள்ளம் வரும் வீட்டின் கீழ்மாடிக்கு வேண்டாம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மேசன் பாஸிடம் பேசும்போது

ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை இருப்பதால் பாஸ்மார் அவசரத்தில் இருக்கிறார்கள். "பாஸ், பழைய தரையைக் கொத்துவீங்களா? கொத்தின பிறகு நான் பார்க்கலாமா?" என்று முதலிலேயே கேளுங்கள். கொத்துவதற்கு ஒரு நாள் கூலி கூடும், ஆனால் அந்த நாளை மிச்சம் பிடித்த தரைகள்தான் பெரும்பாலும் கழன்று போகின்றன. ஏழு நாள் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். பாஸ் வேறு வீட்டுக்குப் போயிருப்பார், ஆகவே அது பெரும்பாலும் உங்கள் வேலையாகவே இருக்கும். கூலியை இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டாம் பங்கைப் பதித்த தரையைத் தட்டிப் பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசினால் நல்ல பாஸ் மறுக்க மாட்டார்.

வேலை முடிந்ததும் நான்கைந்து டைல்ஸையும் சாயத்தின் மிச்சத்தையும் எடுத்து வையுங்கள். விரிசலுக்கு நீங்கள் பென்சிலால் போட்ட கோடுகளும் திகதிகளும் தரையோடு மறைந்துவிடும். ஆகவே அவற்றின் படத்தை, சுவரிலிருந்து எத்தனை அடி என்ற அளவோடு, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் பரிசோதனைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.